மரமஞ்சள் ஏன் இவ்வளவு அரிதாகிப்போனது, அதை நாம் வளர்க்க முடியுமா?

உங்கள் கேள்வியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. நாட்டு மருந்துக் கடையில் மரமஞ்சள் என்று வாங்கிய கட்டைத் துண்டுகள் அசல்தானா, அந்தச் செடி காட்டில் அழிந்துவருகிறது என்கிறார்களே அது உண்மையா, நாகர்கோவில் பக்கம் உங்களுக்கு இருக்கும் அரை ஏக்கரில் நட்டு வளர்க்கலாமா. நான் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். அது ஏன் அருகியது என்பது புரியாமல் நட்டால் பத்துப் பதினைந்து வருடம் வீணாகும், அதனால்தான்.

முதலில் எந்தச் செடி என்பதைத் தெளிவாக்கிவிடலாம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மரமஞ்சள் என்று விற்கும் சரக்கு, முறைப்படி, காசினியம் ஃபெனஸ்ட்ராட்டம் என்ற கொடியின் தண்டு. இலங்கையில் சிங்களவர் வெனிவெல் என்பார்கள், சளி காய்ச்சலுக்குக் கொத்தமல்லியோடு சேர்த்துக் கொதிக்கவைத்துக் குடிக்கும் அதே சாமான். மஞ்சள் கிழங்கோடு இதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இதன் உறவுக்காரர்கள் சீந்தில், கட்டுக்கொடி, காக்கைக்கொல்லி, எல்லாம் மெனிஸ்பெர்மேசி குடும்பம். தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலை, இலங்கையின் ஈரவலயக் காடுகள், அப்புறம் வியட்நாம், லாவோஸ், கம்போடியா, தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா என்று பரவல் பெரிதாகத்தான் இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் இவ்வளவு இடத்தில் இருக்கிறதே, இதற்கு என்ன ஆபத்து என்று தோன்றும். அந்தப் பரப்புக்குள் அது துண்டு துண்டாகத்தான் நிற்கிறது, நிற்கிற இடத்திலும் அடர்ந்து நிற்பதில்லை.

சின்னதாக இருக்கும்போது காட்டின் அடிநிழலில் ஒரு புதர் மாதிரிதான் கிடக்கும். மரம் கிடைத்ததும் சுற்றி ஏறி, வருடக்கணக்கில் மெல்ல மெல்ல உச்சிக் கிளைவரை போய் அங்கே வெயிலில் இலையை விரிக்கும். கீழே நிற்கிற நமக்குத் தெரிவது பட்டை வெடித்த, சாம்பல் பழுப்பு நிறத் தண்டு மட்டும்தான். அதனால் இலையைப் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டுமென்றால் இளங்கொடியைத் தேட வேண்டும், அல்லது கீழே உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்க வேண்டும். இலை பெரிது, தடித்தது, இதய வடிவத்துக்கும் முட்டை வடிவத்துக்கும் நடுவில் இருக்கும். மேல்புறம் வழவழ பச்சை, அடிப்புறம் வெளுத்த மெல்லிய பஞ்சு போர்த்தியது, தடவினால் விரலுக்குத் தெரியும். காம்பு ஒட்டும் இடத்திலிருந்து நரம்புகள் விரல்களாகப் பிரியும். காம்பின் இரு முனையும் சற்றே வீங்கி வளைந்திருக்கும், சில இலைகளில் காம்பு விளிம்பில் ஒட்டாமல் கொஞ்சம் உள்ளே தள்ளி அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும். இந்த வீங்கிய காம்பும் வெளுத்த அடிப்புறமும் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் நீங்கள் சரியான செடியின் முன்னால்தான் நிற்கிறீர்கள்.

தண்டைக் குறுக்கே அறுத்தால்தான் இதன் அழகு தெரியும். புது வெட்டில் பளீரென்ற மஞ்சள், எலுமிச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவான ஒரு நிறம். நடுவிலிருந்து ஓரம்வரை வண்டிச் சக்கரத்து ஆரக்கால் போலக் கதிர்கள் ஓடும். அந்தக் கதிர்களுக்கு நடுவில் இருக்கும் ஆப்பு வடிவப் பகுதிகளில் ஊசி குத்தினாற்போல் துளைகள், கண்ணுக்கே தெரியும் அளவு பெரியவை. அவைதான் நீர்க்குழாய்கள். இத்தனை உயரம் ஏறும் கொடிக்குத் தன்னைத் தாங்கிக்கொள்ளும் வேலையை மரம் பார்த்துக்கொள்வதால், தண்டின் பெரும்பகுதியைத் தண்ணீர் ஏற்றுவதற்கே ஒதுக்கிவிட முடிகிறது. நாக்கில் வைத்தால் கசப்பு சுள்ளென்று ஏறும், உடனே போகாது. அந்த மஞ்சளுக்கும் கசப்புக்கும் முக்கியக் காரணம் பெர்பெரின் என்ற ஆல்கலாய்டு, அதாவது செடி தானே உண்டாக்கும் ஒரு வேதிப்பொருள். கூடவே பால்மடின், ஜட்ரோரைசின் என்ற அதன் சகோதரச் சேர்மங்களும் உண்டு.

இந்த இடத்திலேயே பிரச்சினையின் முதல் முடிச்சு இருக்கிறது. மருந்து இருப்பது தண்டிலும் வேரிலும். இலையைக் கிள்ளிக்கொண்டு, பழத்தைப் பறித்துக்கொண்டு செடியை விட்டுவிட முடிகிற நெல்லிக்காய், கடுக்காய் கதை இல்லை இது. தடித்த தண்டு வேண்டும், தடித்த தண்டு என்றால் வயதான கொடி, வயதான கொடிதான் பூத்துக் காய்க்கிற கொடி. ஆக, சரக்குக்காக வெட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் தேடிப் பிடிப்பது இனப்பெருக்கத்துக்கு வந்துவிட்ட செடியைத்தான். அதையும் இடுப்புயரத்தில் வெட்டி அடியை விட்டுவைத்தால் மறுபடி துளிர்க்க வாய்ப்பாவது இருக்கும். எடை கூட வேண்டும் என்பதால் மண்ணோடு ஒட்ட வெட்டுகிறார்கள், பல நேரம் வேரையும் தோண்டிவிடுகிறார்கள். உச்சியில் பின்னிக் கிடக்கும் மீதிக்கொடி அப்படியே மரத்தில் காய்ந்து தொங்கும், அதை யாரும் இறக்குவதுகூட இல்லை.

இரண்டாவது முடிச்சு இதைவிடப் பெரியது, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மரமஞ்சளில் ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. பூக்கள் மிகச் சிறியவை, காம்புள்ள குட்டிப் பந்துகளாக, பெரும்பாலும் இலையுதிர்ந்த பழைய தண்டிலிருந்தே வெளிவரும். தூரத்திலிருந்து பார்த்தால் ஆண் பந்துக்கும் பெண் பந்துக்கும் வித்தியாசம் தெரியாது. பெண் கொடி காய்க்க வேண்டுமென்றால் பூச்சி போய்வரும் தூரத்துக்குள் ஓர் ஆண் கொடி இருக்க வேண்டும், அதுவும் அதே சமயத்தில் பூத்திருக்க வேண்டும். ஒரு காட்டுத் துண்டில் இருபது கொடி இருந்து அதில் பதினைந்தை வெட்டிவிட்டால், மிச்சம் ஐந்து இருக்கிறதே என்று கணக்கெடுப்பில் எழுதிவிடலாம். அந்த ஐந்தும் ஆணாக இருந்தால் அந்தக் காட்டில் மரமஞ்சள் முடிந்துவிட்டது என்றுதான் அர்த்தம், அவை இன்னும் அறுபது வருடம் பச்சையாக நின்றாலும். பெண்ணாக இருந்து பக்கத்தில் ஆண் இல்லாவிட்டாலும் இதேதான். எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு செடியின் நிலையைச் சொல்லும் பழக்கம் எனக்கு எப்போதுமே உறுத்தும், இந்தக் கொடி விஷயத்தில் அது முழுக்கத் தப்பான படத்தைக் காட்டிவிடுகிறது.

சரி, காய்த்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். காய் உருண்டை, சின்ன எலுமிச்சை அளவு, மேலே வெல்வெட் போன்ற மயிர். உள்ளே ஒரே விதை, கனமான கெட்டி ஓட்டுக்குள். காற்றில் பறக்கும் விதை இல்லை என்பதால் பழம் தின்னும் விலங்குகளை நம்பித்தான் அது தாய்க்கொடியை விட்டு நகர வேண்டும். கீழே விழுந்த விதையில் கரு முழுதாக வளர்ந்திருப்பதில்லை, அது உள்ளேயே முதிர்ந்து முளைவிடப் பல மாதங்கள் பிடிக்கும். அத்தனை மாதமும் ஈரமான காட்டுத் தரையில் பூஞ்சணத்துக்கும் எலிக்கும் தப்ப வேண்டும். முளைத்து வந்தது முதல் பூ விடுவதற்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும், பதினைந்து என்று எழுதியவர்களும் உண்டு.

இதன் சொந்தக்காரனான சீந்திலோடு சேர்த்துப் பார்த்தால் எவ்வளவு வித்தியாசம் என்று புரியும். சீந்திலிலும் ஆண் பெண் வேறுதான், அதையும் மருந்துக்காக வண்டி வண்டியாக வெட்டுகிறார்கள். ஆனால் சீந்திலை வெட்டி வேலியில் மாட்டி வைத்தாலும் அது சாவதில்லை, காற்றிலேயே நூல்வேர் விட்டு மண்ணைத் தேடி இறக்கும். ஒரு சாண் போத்து, அதாவது நடுவதற்கு வெட்டிய தண்டுத் துண்டு, போதும், ஒரே மழைக்காலத்தில் கூரை ஏறிவிடும். அதனால்தான் பயன்பாடு எவ்வளவு கூடினாலும் சீந்தில் ஊருக்குள்ளேயே கிடைக்கிறது. மரமஞ்சளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மூன்றாவது, இடம். இது சமவெளிக்கு அடுத்த தாழ்ந்த, ஈரமான பசுமைமாறாக் காட்டுச் செடி. நம் மலைகளில் பெரும்பாலும் 1000 மீட்டருக்குக் கீழேதான் பார்க்கலாம், உச்சிச் சோலைகளுக்கு ஏறுவதில்லை. அந்தத் தாழ்ந்த பட்டைதான் மனிதன் முதலில் எடுத்துக்கொண்ட காடு. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர் வந்தது, இலங்கையின் தென்மேற்கிலும் ரப்பரும் தேயிலையும் வந்தன. மிச்சமிருந்த காட்டிலும் மரத்துக்காக நிர்வகிக்கப்பட்ட பகுதிகளில் ஏறுகொடிகளை அறுத்துவிடுவது வனத்துறையின் வழக்கமான வேலைகளில் ஒன்றாகப் பல காலம் இருந்தது. கொடி ஏறினால் மரம் நேராக வளராது, விலை போகாது என்ற கணக்கு. என்ன கொடி, ஏது என்று பார்த்து அறுத்ததில்லை. மரமஞ்சள் எத்தனை போயிருக்கும் என்று யாரும் எழுதி வைக்காத இழப்பு அது.

இதெல்லாம் சேர்ந்துதான் 1990களில் நாட்டு மருத்துவ மரபுகளுக்காக இயங்கும் பெங்களூரின் எஃப்.ஆர்.எல்.எச்.டி அமைப்பு தென் மாநில வனத்துறைகளோடும் தாவரவியலாளர்களோடும் உட்கார்ந்து மூலிகைகளின் நிலையை மதிப்பிட்டபோது, மரமஞ்சளை மிக அருகிய நிலை, அதாவது அழிவின் விளிம்பில் இருப்பது, என்ற வகையில் வைத்தார்கள். இது தென்னிந்தியக் காடுகளுக்கான மதிப்பீடு, உலகம் முழுவதுக்குமானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சமூக ஊடகங்களில் பலரும் இதை அப்படித்தான் பகிர்கிறார்கள், அதனால் சொல்கிறேன். 1998இல் மத்திய அரசு, காட்டிலிருந்து எடுத்து ஏற்றுமதி செய்யக் கூடாது என்று 29 தாவர இனங்களையும் வகைகளையும் பட்டியலிட்டது. அதில் செம்மரம், சர்ப்பகந்தி, ஜடாமாஞ்சி இவற்றோடு மரமஞ்சளும் இருக்கிறது. ஆனால் அது ஏற்றுமதித் தடை மட்டுமே. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991 திருத்தத்தின்போது தாவரங்களுக்கென்று ஒரு பட்டியல் சேர்த்தார்கள், அதில் அப்போது இடம் பிடித்தவை ஆறே ஆறு, மரமஞ்சள் அந்த ஆறில் இல்லை. உள்நாட்டு மருந்துத் தேவை அப்படியே தொடர்ந்தது, துறைமுகத்தில் மட்டும் கதவைச் சாத்தினார்கள். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் எதை வெட்டினாலும் குற்றம்தான், ஆனால் மூட்டையில் கட்டி ஊருக்குள் வந்துவிட்ட மஞ்சள் கட்டை எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று யார் நிரூபிப்பது?

வெளிநாட்டுக் கதை நம்முடையதைவிட வேகமாக நடந்தது. வியட்நாமில் பெர்பெரின் மாத்திரை வயிற்றுப்போக்குக்கு வீட்டுக்கு வீடு இருக்கும் மருந்து. அதற்கான பெர்பெரினை இந்தக் கொடியிலிருந்தே பெருமளவில் பிரித்தெடுத்தார்கள். தண்டில் பெர்பெரின் இருப்பது உலர் எடையில் சில சதவீதம்தான், ஆக ஒரு கிலோ பெர்பெரின் என்றால் பல பத்துக் கிலோ காய்ந்த தண்டு, பச்சையாகக் கணக்கிட்டால் இன்னும் அதிகம். ஆலை ஓட ஓட அங்கே கொடி அருகிப்போய், அருகிவரும் உயிரினங்களைப் பட்டியலிடும் அந்த நாட்டின் சிவப்புப் புத்தகத்தில் ஏறியது. அடுத்து அழுத்தம் கம்போடியாவுக்கு நகர்ந்தது. ஏலமலைத்தொடர் என்று பொருள்படும் கார்டமம் மலைக்காடுகளில் திருட்டுத்தனமாகக் கொட்டகை போட்டு, கொடியை அரைத்து மஞ்சள் பொடியாக்கி எல்லை கடத்தினார்கள், அதிகாரிகள் அவற்றைச் சோதனையிட்டு மூடியது பலமுறை செய்தியானது. ஒரு நாட்டில் தீர்ந்ததும் அடுத்த நாட்டுக்குப் போவது என்ற இந்த வரிசையைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அதே பெர்பெரினை ஃபெல்லோடெண்ட்ரான் மரப்பட்டை போன்ற, பயிரிடக்கூடிய வேறு மூலங்களிலிருந்தும் எடுக்கலாம். பதினைந்து வருடம் எடுத்து வளரும் ஒரு காட்டுக் கொடியை ஆலைக்கு மூலப்பொருளாக்க எந்த அவசியமும் இருக்கவில்லை, காட்டில் கிடப்பதை வெட்டுவது மலிவு என்பதைத் தவிர.

இங்கே ஆயுர்வேதப் பக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். அசுவகந்தாரிஷ்டம், கதிராரிஷ்டம், அணுதைலம் இப்படிப் பல தயாரிப்புகளில் தாருஹரித்ரா என்றொரு சரக்கு வரும். இந்திய அரசின் மருந்து நூல்கள் அதை இமயமலையின் பெர்பெரிஸ் அரிஸ்டாட்டா என்ற முட்செடி என்று சொல்கின்றன. கேரள, தமிழக வழக்கத்தில் அதே இடத்தில் மரமஞ்சள் கொடியைப் போடுகிறார்கள். இரண்டிலும் பெர்பெரின் இருப்பதால் இந்த வழக்கம் காரணமில்லாமல் வந்ததில்லை. சிலர் உடனே, அப்படியானால் எல்லோரும் இமயமலைச் செடிக்கு மாறிவிட்டால் நம் கொடி தப்பித்துவிடுமே என்கிறார்கள். அந்தச் செடியையும் வேரோடுதான் தோண்டுகிறார்கள், அங்கேயும் அது குறைந்துவருகிறது. நம் மலையின் சுமையை இன்னொரு மலையில் இறக்கிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நீலகிரியில் ஒரு பெர்பெரிஸ் இருக்கிறதே என்று அதன்மேல் கைவைக்கவும் வேண்டாம், அதன் வாழிடமும் குறுகியதுதான்.

காட்டுக்குள் பாதுகாப்பது என்று வந்தால் நம்மிடம் நல்ல இடங்கள் இருக்கின்றன. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், அதைச் சுற்றி 2001இல் அறிவித்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம், இலங்கையில் சிங்கராஜா. ஆனால் வேலி போட்டுக் காவல் வைப்பதோடு இந்தக் கொடிக்குப் போதாது. ஒவ்வொரு தொகுதியிலும் பூக்கும் பருவத்தில் போய் எது ஆண், எது பெண் என்று பார்த்து எழுத வேண்டும், துணையில்லாமல் நிற்கும் பெண் கொடிகளுக்குப் பக்கத்தில் அதே மலையிலிருந்து எடுத்த ஆண் போத்துகளை வளர்த்து நட வேண்டும். ஆள் ஏறிப் பார்க்க முடியாத உச்சியில் இலை இருந்தாலும் பூ பழைய தண்டில் வருவதால் இது செய்யக்கூடிய வேலைதான். இதை யார் செய்வது என்றால், அந்தக் காட்டில் தினமும் நடக்கிறவர்கள். அகத்தியமலைப் பக்கத்துப் பழங்குடியினரான காணிக்காரர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட என் போன்றவர்களுக்குத் தெரியாது. ஆரோக்கியப்பச்சை என்ற செடியைப் பற்றி அவர்கள் சொன்னதை வைத்துத்தான் பாலோட்டில் உள்ள தாவர ஆராய்ச்சி நிலையம் ஜீவனி என்ற மருந்தைச் செய்து, வருமானத்தில் ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுத்தது, உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஏற்பாடு அது. மரமஞ்சளுக்கும் அப்படி ஏதாவது வேண்டும். வெட்டினால் கிலோவுக்கு இவ்வளவு என்று வியாபாரி கொடுக்கிறார், காத்தால் இவ்வளவு என்று கொடுக்க யாரும் இல்லை என்றால் எத்தனை நாள் காப்பார்கள்?

இப்போது உங்கள் பொட்டலம். பொடியாக வாங்காமல் துண்டாக வாங்கியது நல்லது. ஒரு துண்டைக் குறுக்கே சீவிப் பாருங்கள். நான் மேலே சொன்ன அகலமான கதிர்களும் கண்ணுக்குத் தெரியும் துளைகளும் இருந்தால் அது கொடித்தண்டு. நெருக்கமான, கெட்டியான கட்டை, துளையே தெரியவில்லை என்றால் பெர்பெரிஸாக இருக்கலாம். இதற்குமேல் வெறுங்கண்ணால் உறுதி சொல்ல முடியாது, ஏனென்றால் கலப்படமாக வருவதில் ஒன்று காக்கைக்கொல்லித் தண்டு, அதுவும் இதே குடும்பம், அதிலும் கதிர்கள் உண்டு, அதுவும் கொஞ்சம் மஞ்சளாகவே இருக்கும். காக்கைக்கொல்லியின் விதை மீனை மயக்கப் போடும் நஞ்சு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், அப்படிப்பட்ட செடியின் தண்டைத் தெரியாமல் கொதிக்கவைத்துக் குடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பொடியாக வாங்கியவர்கள் ஒன்று செய்து பார்க்கலாம், தண்ணீரில் குழைத்துத் துளி சுண்ணாம்பு சேருங்கள். சிவந்தால் சமையல் மஞ்சள் கலந்திருக்கிறது, பெர்பெரினின் மஞ்சள் அப்படிக் குங்குமமாக மாறாது. சிவக்கவில்லை என்பதால் அசல் என்று முடிவுகட்டிவிட வேண்டாம், மஞ்சள் கலக்கவில்லை என்பது மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

மருந்தாகச் சாப்பிடுவதைப் பற்றி நான் சித்த மருத்துவர் இல்லை, அதனால் அளவு எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் குடிக்க வேண்டாம், பிறந்த குழந்தைக்கு எந்த வடிவிலும் கொடுக்க வேண்டாம். பெர்பெரின் இரத்தத்தில் பிலிரூபினை, அதாவது காமாலையில் உடலை மஞ்சளாக்கும் பொருளை, அதன் பிடிமானத்திலிருந்து தள்ளிவிடும், குழந்தைக்கு மஞ்சள் காமாலை முற்றி மூளை வரை பாதிக்கலாம். சிங்கப்பூர் இதே காரணத்துக்காக பெர்பெரின் உள்ள சீன மருந்துகளைப் பல்லாண்டுகள் தடை செய்து வைத்திருந்தது. சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொட வேண்டாம். முகத்துக்குப் பூசத்தான் வாங்கினீர்கள் என்றால், என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன், முகப்பூச்சுக்கு இந்தக் கொடி சாக வேண்டியதில்லை. கஸ்தூரி மஞ்சள் வயலில் விளைகிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து அரை ஏக்கர். நாகர்கோவிலுக்கு மேற்கே, மலையடிவாரம் என்கிறீர்கள், மழையும் ஈரமும் இருக்கும், ஏற்கெனவே பலாவும் அயனியும் நிற்கின்றன என்றால் நல்ல இடம். திறந்த வெயிலில், தரிசில் நடுவதாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். இளங்கன்றுக்கு நிழல் வேண்டும், ஏறுவதற்கு உறுதியான மரம் வேண்டும், வேரடியில் சருகு மூடியிருக்க வேண்டும், தண்ணீர் தேங்கவே கூடாது. ரப்பர் மரத்தில் ஏற்றலாமா என்று சிலர் கேட்பார்கள், பால் வெட்டுகிற தண்டில் கொடி சுற்றினால் இரண்டு வேலையும் கெடும்.

நாற்று எப்படி என்பதுதான் கடினம். விதை கிடைத்தால் பழுத்த சூட்டோடு சதையை நீக்கிக் கழுவி, ஈரமான ஆற்றுமணலும் தென்னை நார்க்கழிவும் கலந்த தொட்டியில், நிழலில் போட வேண்டும். உலர்த்தி டப்பாவில் அடைத்து அடுத்த வருடம் போடலாம் என்று வைக்காதீர்கள். மாதக்கணக்கில் ஒன்றுமே தெரியாது, பலர் இந்தக் கட்டத்தில்தான் தொட்டியைக் கொட்டிவிடுகிறார்கள், பொறுமையாக ஈரம் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். போத்து வைப்பதென்றால் மிக இளசும் வேண்டாம், முற்றிய கட்டையும் வேண்டாம், நடுத்தரமாக முற்றிய தண்டில் இரண்டு மூன்று கணு வருமாறு வெட்டி, வேர்விடும் ஹார்மோன் பொடியில் தொட்டு, காற்றில் ஈரம் குறையாதபடி பாலித்தீன் கூடாரத்துக்குள் வைக்க வேண்டும். அப்படியும் பாதிக்கு மேல் அழுகிப்போனால் ஆச்சரியப்பட வேண்டாம். திசு வளர்ப்பிலும் இந்தச் செடி லேசில் மசியவில்லை, வெட்டிய முனை கறுப்பதும் இலையின் பஞ்சுக்குள் ஒளிந்திருக்கும் கிருமி கண்ணாடிக் குப்பிக்குள் முளைப்பதும் ஆய்வகங்களுக்குப் பெரிய தொல்லை.

முக்கியமானது இனிமேல்தான். விதைக்கன்றுகள் என்றால் பூக்கும்வரை ஆணா பெண்ணா என்று தெரியாது. ஆணும் பெண்ணும் சரிபாதியாகப் பிறக்கின்றன என்றே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு கன்று நட்டால் இரண்டும் ஒரே பாலாக இருக்க ஐம்பது சதவீத வாய்ப்பு. பத்து நட்டால் பத்தும் ஒரே பாலாக அமைவதற்கு 512இல் ஒன்றுதான். அதனால் நட்டால் கூட்டமாக நடுங்கள், அரை ஏக்கர் மரத்தோப்பில் பத்துப் பன்னிரண்டு கொடி தாராளமாக அடங்கும். போத்துக் கன்று வாங்கினால் இன்னொரு கண்ணி இருக்கிறது. நர்சரியில் ஒரே தாய்க்கொடியிலிருந்து எடுத்த போத்துகள் என்றால் நூறு கன்று வாங்கினாலும் நூறும் ஒரே பால், ஒரு காய்கூடக் காய்க்காது. குறைந்தது நாலைந்து வெவ்வேறு தாய்க்கொடிகளிலிருந்து எடுத்ததா, அவை ஆணா பெண்ணா என்று குறித்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பதில் தெரியாத இடத்தில் வாங்கவே வேண்டாம். காட்டிலிருந்து பிடுங்கிவந்த கன்று என்று சந்தேகம் வந்தாலும் வாங்க வேண்டாம், அதை வாங்கினால் நீங்கள் காக்க நினைப்பதையே காலி செய்ய ஒருவருக்குக் கூலி கொடுக்கிறீர்கள். பாலோடு நிலையம், பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம், உங்கள் மாவட்ட வனத்துறை நாற்றங்கால், இந்த மூன்றிலும் முதலில் விசாரியுங்கள், இருப்பில் இல்லையென்றால் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

வருமானம் எப்போது என்று கேட்டிருந்தீர்கள். உடனடியாக எதையும் எதிர்பார்த்து இதை நட வேண்டாம், ஊடே மிளகையும் ஜாதிக்காயையும் வைத்து அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பத்து, பதினைந்து வருடம் கழித்து வெட்டும்போதும் பெண் கொடிகள் அனைத்தையும், அவற்றுக்கு அருகில் உள்ள ஆணில் இரண்டையாவது விட்டுவிட்டு, மிச்சமுள்ள ஆண் கொடிகளில் பக்கக் கிளைகளாகப் பார்த்து எடுத்தால் தோப்பு விதை கொடுத்துக்கொண்டே இருக்கும். சொல்லப்போனால் அந்த விதையும் கன்றும்தான் தண்டைவிட நல்ல வரும்படியாக அமையலாம், நல்ல கன்று கிடைக்காமல் தேடுகிறவர்கள் நிறைய. இன்னொன்று, கன்று வாங்கிய ரசீது, நட்ட வருடம், எத்தனை, எந்த சர்வே எண் என்பதை எழுதி, முடிந்தால் வனச்சரக அலுவலகத்தில் ஒரு கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பயிரிட்டது என்ற சான்றிதழ் இருந்தால்தான் 1998 அறிவிப்பின்படி ஏற்றுமதிக்கே வழியுண்டு. உள்ளூரில் விற்பதென்றாலும் லாரியில் ஏற்றுகிற அன்று சோதனைச் சாவடியில் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான், பதினைந்து வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது.